பேர் பெரிசு, வாசம் எப்படி? டியோரின் ‘ஓ சொவாஜ்’ சென்ட்டுக்கு ஒரு திருப்பூர் செக்கிங்!

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனிகளின் கேட் திறக்கிறது. கையில் வாரச் சம்பளம். காலையிலிருந்து உடம்பில் ஒட்டிய பஞ்சுத் தூசியும், அயர்ன் டேபிள் ஆவியும், வியர்வையும் கலந்த ஒரு வாசம் எல்லோர் மேலும் இருக்கும். ரூமுக்குப் போய்க் குளித்து, நல்ல சட்டை மாற்றி, ஊருக்குப் பஸ் ஏறும் முன் கழுத்தில் இரண்டு அடி சென்ட். திருப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இது வாரா வாரம் நடக்கும் சடங்கு. ‘நான் இப்போ வேலையில இல்லை’ என்று உடம்புக்கே சொல்லிக்கொள்ளும் சடங்கு.

அந்த சென்ட் பெரும்பாலும் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் தீபாவளி போனஸ் சமயத்தில் கதை மாறும். மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆன தம்பிக்கு, வெளிநாட்டு பையர் முன்னால் உட்காரும்போது நல்ல வாசனையோடு இருக்க வேண்டும் என்று தோன்றும். கல்யாணம் முடிவான மாப்பிள்ளைக்கு அத்தையும் சித்தப்பாவும் சேர்ந்து ‘நல்ல ஃபாரின் சென்ட்’ வாங்கித்தர நினைப்பார்கள். போனில் தேடினால், உலகின் மிகச் சிறந்த ஆண்கள் வாசனைகள் என்ற பட்டியல்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். பிரான்ஸின் கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்தின் ‘ஓ சொவாஜ்’. வயது 60-ஐ ஒட்டி. விமர்சகர்கள் ‘மாஸ்டர்பீஸ்’ என்கிறார்கள். 100 மில்லி பாட்டில் சுமார் பத்தாயிரம் ரூபாய்.

அந்தப் பத்தாயிரத்துக்கு அது தகுமா?

இந்தக் கேள்வியைத் திருப்பூர்க்காரரிடம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. லேபிளுக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்கும் தெரியாது. ஒரே மெஷினில் தைத்த டி-ஷர்ட், கழுத்தில் தைக்கும் லேபிளைப் பொறுத்து ஐரோப்பாவில் ஒரு விலைக்கும், காதர்பேட்டையில் இன்னொரு விலைக்கும் போவதைத் தினமும் பார்க்கிற ஊர். ஆகவே பையர் சொல்வதை அப்படியே நம்பாமல், பீஸைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல இந்த சென்ட்டையும் செக்கிங் டேபிளில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை: இது ‘அந்த’ சாவேஜ் அல்ல!

“அண்ணா, சாவேஜ் இருக்குங்களா?” என்று கடையில் கேட்டால், எடுத்துத் தரப்படுவது பெரும்பாலும் வேறு ஒன்றாக இருக்கும். டியோர் 2015-ல் ‘சொவாஜ்’ என்ற பெயரில் ஒரு புதிய வாசனையைக் கொண்டுவந்தது. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் விளம்பரத்தில் வருவது அதற்குத்தான். உலகில் மிக அதிகமாக விற்கும் ஆண்கள் வாசனைகளில் ஒன்று அது. அறைக்குள் ஆள் வருமுன் வாசனை வந்துவிடும் ரகம்.

‘ஓ சொவாஜ்’ 1966-ல் வந்தது. பிரெஞ்சில் ‘ஓ’ என்றால் நீர். ‘சொவாஜ்’ என்றால் காட்டுத்தனமானது. பெயரில் பாதி ஒன்றாக இருந்தாலும் இரண்டு வாசனைக்கும் சம்பந்தமே இல்லை. விமர்சகர்கள் கொண்டாடுவது 1966-ஐ. விளம்பரங்களில் அதிகம் பார்ப்பது 2015-ஐ. பெயரை மாற்றி வாங்கிவிட்டு, ‘நெட்ல சொன்ன மாதிரி இல்லையே’ என்று வருத்தப்படுவதற்கு முன் பெட்டியின் மேல் ‘ஓ’ இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

யார் செய்தது?

கிறிஸ்டியன் டியோர் அடிப்படையில் ஒரு துணிக்காரர். 1947-ல் பாரிஸில் தன் முதல் ஆடைத் தொகுப்பை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். அதே ஆண்டில்தான் அவருடைய முதல் வாசனையான ‘மிஸ் டியோர்’ வந்தது. 1957-ல் அவர் இறந்துவிட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர் பெயரிலான நிறுவனம் ஆண்களுக்கென்று கொண்டுவந்த வாசனைதான் ‘ஓ சொவாஜ்’.

பாட்டிலைக் கவனித்துப் பார்த்தால் துணிக்காரர் வீட்டு வாசம் தெரியும். கண்ணாடியில் சாய்வாக ஓடும் வரிகள் மடிப்பு வைத்த துணியை நினைவுபடுத்தும். மூடியோ, ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் விரலில் மாட்டும் உறையின் வடிவத்திலிருந்து எடுத்தது.

வாசனையை உருவாக்கியவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. 1905-ல் பிறந்தவர். பிரான்ஸின் வாசனைத் தலைநகரமான கிராஸ் நகருக்குப் பக்கத்தில், கப்ரி என்ற மலைக்கிராமத்தில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர். 1956-ல் டியோருக்காக அவர் செய்த ‘டியோரிஸிமோ’ இன்றும் பேசப்படுகிறது. வாசனையும் இசை, ஓவியம்போல ஒரு கலைதான் என்று வாதாடிப் புத்தகங்கள் எழுதியவர். 1996-ல் மறைந்தார்.

அந்தக் காலத்து ஆண்கள் வாசனைகள் பொதுவாக இரண்டு வகை. முகம் மழித்தபின் தடவும் எலுமிச்சை வாசனை கொலோன் ஒன்று. சில நிமிடத்தில் பறந்துவிடும். இன்னொன்று லாவெண்டர், மசாலா, பாசி என்று கனமாக இருக்கும், வெயிலில் தலைவலிக்கும். எலுமிச்சையின் குளிர்ச்சி வேண்டும், அதே நேரம் அது நிற்கவும் வேண்டும். இதைத்தான் ருட்னிட்ஸ்கா தீர்த்தார். எப்படி? அங்கேதான் நம் ஊர்ப் பூ உள்ளே வருகிறது.

ஜாதிமல்லி சொன்ன ரகசியம்

திருப்பூரிலிருந்து அவிநாசி, புளியம்பட்டி வழியாக வடக்கே போனால் சுமார் 60 கிலோமீட்டரில் சத்தியமங்கலம். மல்லிகை, முல்லை என்று பூக்காடு நிறைந்த வட்டாரம். விடியுமுன் பறித்த பூ மார்க்கெட்டுக்கு வரும். முகூர்த்த நாளில் விலை ஏறும். விலை சரியும் நாட்களில் மூட்டை மூட்டையாக சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். அங்கே கரைப்பானில் ஊறவைத்து, மெழுகுபோன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, அதிலிருந்து மல்லிகைச் சாறு பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஜாதிமல்லியில் கிடைக்கும் கான்கிரீட் 0.3 சதவிகிதத்துக்கும் குறைவு. அதாவது ஒரு கிலோவுக்கு சுமார் 350 கிலோ பூ வேண்டும்.

நாம் ஜாதிமல்லி என்றும், தென்மாவட்டங்களில் பிச்சி என்றும் சொல்லும் பூவும், பிரான்ஸில் கிராஸ் நகரத்துப் புகழ்பெற்ற மல்லிகையும் ஒரே இனம்தான். அந்த மல்லிகைச் சாற்றில் வாசனை எங்கிருந்து வருகிறது என்று சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவன வேதியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் அவர்கள் ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு பொருளுக்கு ‘ஹெடியோன்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இன்பம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

ஹெடியோனைத் தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பூக்கடை வாசலைக் கடக்கும்போது வரும் ஈரக் காற்றுபோல மெல்லிய வாசம். ஆனால் மற்ற வாசனைகளோடு சேரும்போது அவற்றுக்கு நடுவே இடம் விட்டு, காற்றோட்டம் கொடுத்து, எல்லாவற்றையும் சற்றுத் தூரம் கொண்டுபோகும். ருட்னிட்ஸ்கா இதைச் சிறிதளவு எடுத்து எலுமிச்சை, பெர்கமோட், ரோஸ்மேரி, துளசி இனத்து பேசில் ஆகியவற்றோடு சேர்த்தார். எலுமிச்சை போனபிறகும் குளிர்ச்சி நின்றது. ஆண்கள் வாசனையில் பூ இருக்கிறது, ஆனால் பூ என்று தெரியவில்லை. ஹெடியோனை உலகம் கவனித்தது இந்த சென்ட்டால்தான்.

அடியில் இன்னொரு சொந்தமும் இருக்கிறது. கடைசியாகத் தோலில் தங்கும் வாசனைகளில் ஒன்று வெட்டிவேர். ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாவற்றிலும் அதற்கு ‘வெட்டிவர்’ என்றே பெயர். தமிழிலிருந்து போன சொல். மண்பானைத் தண்ணீரில் பாட்டி போட்டு வைத்த அதே வேர்தான் பத்தாயிரம் ரூபாய் பாட்டிலின் அடியிலும் இருக்கிறது.

‘சோப்பு மாதிரி இருக்கே!’

இப்போது இருபது வயது இளைஞர் ஒருவர் இதை முதன்முறை முகர்ந்தால் என்ன சொல்ல வாய்ப்பு அதிகம்? ‘லெமன் சோப்பு மாதிரி இருக்கு. இதுக்கா பத்தாயிரம்?’

அது தப்பான கருத்து இல்லை. ஆனால் காரணம் தலைகீழானது. ‘ஓ சொவாஜ்’ வந்தபின் ஹெடியோன் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. விலை உயர்ந்த பெர்ஃப்யூம் மட்டுமல்ல, ஷாம்பு, சோப்பு, துணிக்குப் போடும் கண்டிஷனர் வரை அது இருக்கிறது. நாம் பிறந்ததிலிருந்து முகர்ந்த ‘சுத்தமான’ வாசனைகளில் பல, இந்த பாட்டிலிலிருந்து கிளம்பியவற்றின் பேரன் பேத்திகள். பேரனைப் பார்த்துப் பழகியவருக்குத் தாத்தாவைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த முகம் என்றுதான் தோன்றும்.

திருப்பூரில் இதற்கு உதாரணம் தேட வேண்டாம். காலர் இல்லாத சாதாரண டி-ஷர்ட் ஒரு காலத்தில் உள்ளாடை. அதை வெளியே போட்டு நடந்தவர்கள் பார்வைக்குப் புதுமையாக இருந்தார்கள். இன்று யாராவது டி-ஷர்ட்டைப் பார்த்து வியப்பார்களா?

ஆக, முதல் செக்கிங்கில் பாஸ். யோசனை அசல். வேலைப்பாடு சுத்தம். விமர்சகர்கள் புகழ்வது வெறும் லேபிளுக்காக அல்ல.

பழைய சரக்கா, புது சரக்கா?

இரண்டாவது செக்கிங்கில் ஒரு சிக்கல். விமர்சகர்கள் புகழ்ந்த அதே சரக்குதானா இன்று கடையில் கிடைப்பது?

1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே நிறம் வேண்டும், ஆனால் அந்தச் சாயம் கூடாது. வாசனைத் தொழிலிலும் அதுதான் நடந்தது. ஓக் மரப்பட்டையில் படரும் ஒருவகைப் பாசியின் சாறு பழைய ஆண்கள் வாசனைகளுக்கு அடித்தளம். அதிலுள்ள இரண்டு பொருட்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை விதித்தது. 2021 ஆகஸ்ட்டுக்குப் பின் அவை உள்ள பொருட்களை அங்கே விற்கவே முடியாது. பெர்கமோட் எண்ணெயிலும் வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பொருள் ஒன்று உண்டு. அதையும் இப்போது நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவை நியாயமான விதிகள். யாரும் வாசனைக்காகத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 1966-ன் புகழை 2020-களின் பாட்டில் அப்படியே சுமக்க முடியாது. பழைய பாட்டில் வைத்திருப்பவர்கள், அடிவாசம் முன்பு இன்னும் ஆழமாக இருந்தது என்று சொல்வது வழக்கம். சாம்பிள் பீஸுக்கும் புரொடக்ஷன் பீஸுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சாயம் நிற்குமா?

மூன்றாவது செக்கிங், வாஷ் டெஸ்ட். எவ்வளவு நேரம் நிற்கும்?

எலுமிச்சை வகை வாசனைகளின் மூலக்கூறுகள் சிறியவை, சீக்கிரம் ஆவியாகும். சூடு கூடினால் வேகமும் கூடும். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் சுழலும் தையல் ஹாலில், முதல் எலுமிச்சை வீச்சு அரை மணியில் அடங்கிவிடும். அதன்பின் சில மணி நேரம் தோலுக்குப் பக்கத்தில் மெல்லிய வாசம். ஒன்றரை ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டரைக்கு அடித்தது இரவு எட்டரை வரை நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் வெயில் ஊருக்கு இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. கனமான, இனிப்பான வாசனைகள் வியர்வையோடு சேர்ந்து பக்கத்து சீட்காரரை மூச்சுமுட்ட வைக்கும். பஸ்ஸிலும் மீட்டிங் ரூமிலும் அது பெரிய தொல்லை. ‘ஓ சொவாஜ்’ அப்படிச் செய்யாது. அடித்திருப்பதே பக்கத்தில் வந்தால்தான் தெரியும். நம் சீதோஷ்ணத்துக்கு இந்த அடக்கம் பொருத்தம்.

போடும் துணியும் முக்கியம். 2014-ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்த 26 பேரின் டி-ஷர்ட்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டனைவிட பாலியஸ்டரில்தான் துர்நாற்றம் அதிகம் என்று தெரிந்தது. நாற்றத்தை உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் பாலியஸ்டரில் நன்றாக வளர்ந்ததே காரணம். பத்தாயிரம் ரூபாய் சென்ட்டை பாலியஸ்டர் ஜெர்சி மேல் அடிப்பதைவிட, துவைத்து நன்றாகக் காய்ந்த காட்டன் பனியன் போட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த பனியன் எந்த ஊரில் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை!

விலைக் கணக்கு

நான்காவது, காஸ்டிங். 100 மில்லி பத்தாயிரம் ரூபாய் என்றால் ஒரு மில்லி நூறு ரூபாய். ஒரு அடிக்குச் சுமார் 0.1 மில்லி வெளியே வரும் என்று வைத்துக்கொண்டால் ஒரு அடி பத்து ரூபாய். நாளைக்கு நாலு அடி, நாற்பது ரூபாய். மாதம் 26 வேலை நாளுக்கு ஆயிரத்து நாற்பது. மதியம் இன்னொரு முறை அடித்தால் இரட்டிப்பு.

சொந்த கம்பெனி வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகை இல்லை. டெய்லருக்கோ செக்கிங் அக்காவின் மகனுக்கோ இது பல நாள் கூலி. விமர்சகர்கள் ஒரு சென்ட்டை எடைபோடும்போது இந்தக் கணக்கு அவர்கள் பார்வையில் வருவதில்லை. அவர்கள் கேட்பது ‘இது எவ்வளவு நல்ல படைப்பு?’ என்று. வாங்குபவர் கேட்பது ‘இது எனக்கு எவ்வளவு உதவும்?’ என்று. இரண்டும் வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு ஆபத்து, போலிச் சரக்கு. பெட்டி, பாட்டில், மூடி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு. பாதி விலைக்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ பெரும்பாலும் ஒரிஜினல் இல்லை. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டில் உண்மையான சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்ற நம் ஊர் அனுபவம் சென்ட்டுக்குப் பொருந்தாது. அங்கே யாரும் ‘ஒரு தையல் விட்டுப்போச்சு’ என்று பாட்டிலைக் கழித்துக்கட்டுவதில்லை.

சரி, முடிவு என்ன?

படைப்பு என்ற வகையில் ‘ஓ சொவாஜ்’ தன் புகழுக்கு முழுத் தகுதி உடையது. ஆண்கள் வாசனையின் போக்கையே மாற்றியது, எலுமிச்சையை நிற்கவைத்தது, கத்தாமல் பேசியது. இன்றைய பாட்டில் அந்தப் புகழில் பெரும்பங்கைக் காப்பாற்றுகிறது, முழுவதையும் அல்ல. ‘நான் வந்திருக்கேன்’ என்று ஊருக்கே தெரிய வேண்டும் என்பவருக்கு இது ரிஜெக்ட் பீஸ். பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் இதமாகத் தெரிந்தால் போதும் என்பவருக்கு ஓகே பீஸ். கையிருப்பு போனஸ் முழுவதையும் இதில் போட வேண்டுமா என்றால், வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு சில யோசனைகள்:

* முழு பாட்டிலை முகராமல் வாங்காதீர்கள். பெரிய நகர மால்களில் டெஸ்டர் வைத்திருக்கும் கடைக்குப் போய் மணிக்கட்டில் ஒரு அடி அடித்து, இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் ஐந்து நிமிட வாசத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.
* நம்பகமான இடத்தில் 5 மில்லி, 10 மில்லி சிறிய குப்பி கிடைத்தால் அதுவே நல்ல ஆரம்பம். 5 மில்லியில் சுமார் 50 அடி வரும்.
* குளித்து, ஈரம் துடைத்தபின் கழுத்திலும் மார்பிலும் அடியுங்கள். வெளிர் நிறச் சட்டை மேல் நேராக அடித்தால் கறை படியலாம்.
* வெயில் படும் ஜன்னல், பைக் டேங்க் கவர், பாத்ரூம் அலமாரி மூன்றும் சென்ட்டுக்கு எதிரி. பீரோவுக்குள் பெட்டியோடு வையுங்கள்.
* தோலில் அரிப்பு, தடிப்பு வந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். விலை கொடுத்தாயிற்றே என்று தொடர வேண்டாம்.

இன்னும் ஒன்று. பத்தாயிரம் ரூபாய் கையில் இல்லாதவர் இதைப் படித்து மனம் சோர வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு பிடி வெட்டிவேர் வாங்கி, நல்ல சட்டைகள் வைக்கும் பீரோ தட்டில் ஒரு துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். ருட்னிட்ஸ்கா செய்தது அது இல்லைதான். ஆனால் அவர் தன் சென்ட்டின் அடியில் வைத்த வாசம் அதுதான். சனிக்கிழமை இரவு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறும் பையனைப் பார்த்து, அம்மா கதவைத் திறந்ததும் ‘என்னடா, நல்லா மணக்குது’ என்பார். அந்த ஒரு விமர்சனத்துக்கு மேல் வேறு என்ன வேண்டும்!